ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு: ஃபயர் எம்ப்ளம் த்ரீ ஹவுசஸில் பிணைப்புகளை வளர்ப்பது எப்படி?

2019 ஜூலையில் நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு வந்த ‘ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ்’ விளையாட்டைப் புதிதாகத் தொடங்குபவர்களில் பலர், போர்க்களத்தில் திணறுவதில்லை. மடாலயத்தில்தான் திணறுகிறார்கள். கட்டம் கட்டமாகப் படையை நகர்த்தும் வியூக விளையாட்டு என்று நம்பி உள்ளே வந்தால், காரெக் மாக் என்ற மாபெரும் மடாலயத்தில் பைலெத் என்ற பேராசிரியராக நிற்க வைத்துவிடுகிறார்கள். யாரோ தேநீருக்குக் காத்திருக்கிறார்கள், தரையில் யாரோ தொலைத்த கையுறை கிடக்கிறது, குளத்தில் மீன் துள்ளுகிறது. எல்லாவற்றையும் செய்யப் போனால் விளையாட்டின் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாலைப்பொழுதை முழுதாக விழுங்கிவிடும். அப்படிச் செய்தும் எந்தப் பிணைப்பும் உருப்படியாக வளர்ந்திருக்காது.

பிணைப்பு என்று நான் சொல்வது விளையாட்டில் ‘சப்போர்ட்’ என்று வரும் அளவைத்தான். இரண்டு பாத்திரங்களுக்கு இடையே அது சி, பி, ஏ என்று படிப்படியாக உயரும். சில இணைகளுக்கு நடுவில் ஒரு ப்ளஸ் படியும் உண்டு. பைலெத்துக்கு மட்டும் கடைசியில் எஸ் என்ற படி இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் அந்த இருவரின் உரையாடல் ஒன்று திறக்கும். இந்தத் தொடரில் இவ்வகை உரையாடல்கள் 2002இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த ‘பைண்டிங் பிளேட்’ ஆட்டத்தில் தொடங்கின. அப்போது இரண்டு வீரர்களை அடுத்தடுத்த கட்டங்களில் நிறுத்தி, சுற்றுக்குச் சுற்று காத்திருக்க வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு மொத்தம் ஐந்து உரையாடல்கள்தான் என்ற வரம்பும் இருந்தது. த்ரீ ஹவுசஸில் அந்த வரம்பு இல்லை; பட்டியலில் இருக்கும் எத்தனை பேருடனும் வளர்க்கலாம். ஆனால் வேறொரு பஞ்சம் வந்துவிட்டது. அது ஞாயிற்றுக்கிழமையின் செயல்புள்ளிகள்.

மடாலயத்தைச் சுற்றும் நாளில் உணவு, தேநீர், பாடல் பயிற்சி, ஆசிரியர்களிடம் பாடம் கேட்பது, போட்டிகளில் கலந்துகொள்வது எல்லாம் ஒரே செயல்புள்ளிக் கையிருப்பில் இருந்துதான் செலவாகும். தொடக்கத்தில் அந்தக் கையிருப்பு மிகச் சிறியது. ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஒரு புள்ளிக்கு எத்தனை பிணைப்புகள் வளரும்?

முதலில் பட்டியலைத் திறந்து பாருங்கள்

எல்லாருக்கும் எல்லாரோடும் பிணைப்பு கிடையாது. சப்போர்ட் பட்டியலைத் திறந்தால் யாருக்கு யாரோடு உண்டு, எந்தப் படிவரை போகும் என்பது தெரியும். சில இணைகள் பி படியோடு நின்றுவிடும். மடாலயத்தின் மாணவர்கள் மூன்று ‘வீடு’களாகப் பிரிந்திருக்கிறார்கள்; அவற்றில் ஒன்றைத்தான் நீங்கள் தேர்ந்து நடத்துவீர்கள். ஒரே வீட்டில் படிப்பவர்களுக்குள் பெரும்பாலும் பிணைப்பு உண்டு. மற்ற வீட்டாரோடு தேர்ந்தெடுத்த சிலருக்குத்தான்.

பட்டியலைப் பார்த்த கையோடு, போருக்கு எப்போதும் அழைத்துச் செல்லப்போகும் ஏழெட்டுப் பேரை முடிவுசெய்துவிடுங்கள். ப்ளூ லயன்ஸ் வீட்டைத் தேர்ந்தவருக்கு டிமித்ரி, டெடு, ஃபீலிக்ஸ், சில்வெய்ன், இங்க்ரிட், மெர்சிடஸ், அன்னெட், ஆஷ் என்று எட்டு மாணவர்கள் தொடக்கத்திலேயே இருக்கிறார்கள். இந்த எட்டுப் பேருக்குள்ளேயே வளர்க்க வேண்டிய இணைகள் ஏராளம். முப்பது பேரிடமும் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசையை முதல் ஆட்டத்தில் மூட்டைகட்டி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பிணைப்புக்குத் தேவையான புள்ளிகள் சேர்ந்ததும் படி தானாக உயராது. அந்த உரையாடலைப் பார்த்தால்தான் உயரும். பட்டியலில் புதிய உரையாடல் காத்திருக்கிறது என்ற குறி தெரிந்தால், அடுத்த செலவுக்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

புள்ளி செலவில்லாத வேலைகள்

மடாலயத்துக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியவை, காசில்லாமல் கிடைப்பவை.

தரையில் நீல ஒளியோடு மின்னும் பொருட்கள் மாணவர்கள் தொலைத்தவை. போகிற வழியில் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் விளக்கத்திலும் உரியவரைப் பற்றிய குறிப்பு இருக்கும். உரியவரிடம் கொடுத்தால் பிணைப்பும் ஊக்கமும் உயரும். தவறானவரிடம் நீட்டினால் ‘என்னுடையது இல்லை’ என்பார், அவ்வளவுதான். இந்தப் பொருட்களில் எழுத்தாளர்களின் குறும்பு நன்றாகத் தெரியும். பெரிய கரண்டி ராஃபேலுடையது என்பதை அவரை ஒருமுறை உணவுக்கூடத்தில் பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார். லேசான வயிற்றுவலி தரும் நஞ்சு ஒன்று கிடைக்கும். அதைத் தொலைத்தது கோல்டன் டியர் வீட்டின் தலைவர் கிளாட். எதிர்காலத்தில் ஒரு நாட்டையே ஆளப்போகிறவரின் பையில் இருக்கும் சங்கதி இது.

அடுத்தது பரிசுகள். இவற்றுக்கும் செயல்புள்ளி வேண்டாம். ஒவ்வொரு பாத்திரத்தின் விவரப் பக்கத்திலும் பிடித்தவை, பிடிக்காதவை என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். பிடிக்காத பொருளைக் கொடுத்தால் பயன் சொற்பம். ஆந்தை இறகு மட்டும் எல்லாருக்கும் பிடிக்கும். அதனாலேயே அதை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாமல், வேறு எதுவும் ஏற்றுக்கொள்ளாத ஆளுக்காக வைத்திருப்பது நல்லது. பசுமைக்குடிலில் பூ விதைகளை நட்டால் பரிசுக்கான பூக்கள் இலவசமாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும். விதைப்பதற்கும் அறுவடைக்கும்கூடச் செயல்புள்ளி தேவையில்லை.

தேவாலயத்தில் ஓர் ஆலோசனைப் பெட்டி இருக்கிறது. பெயர் போடாமல் எழுதிய குறிப்புகள் அதில் விழும். எழுதியது யார் என்று ஊகித்து, அவருக்குப் பிடிக்கும் பதிலைத் தேர்ந்தால் பைலெத்தோடு அவரது பிணைப்பு உயரும். கதையின் போக்கிலும் இப்படிப் பதில் சொல்லும் இடங்கள் வரும். சரியான பதில் விழுந்தால் பிணைப்பு உயர்ந்ததற்கான குறி திரையில் தோன்றும். ஆனால் எல்லாருக்கும் பிடிக்கிற பதிலைத் தேடி ஒவ்வொரு முறையும் வழிகாட்டிப் பக்கங்களைப் புரட்டாதீர்கள். இதில் இழப்பது மிகக் குறைவு. கதையை உங்கள் மனப்போக்கில் நடத்தும் சுகம் அதைவிடப் பெரியது.

மீன் பிடிப்பது ஏன் முக்கியம்?

பிணைப்பு வளர்க்கும் கட்டுரையில் மீன்பிடிப்பு எதற்கு என்று தோன்றலாம். பேராசிரியர் நிலை என்ற தனி அளவு ஒன்று இந்த ஆட்டத்தில் உண்டு. அது உயர உயர ஞாயிறுதோறும் கிடைக்கும் செயல்புள்ளிகள் கூடும். போரில் துணைவீரர்களைச் சேர்க்கும் இடங்களும் கூடும். மீன்பிடிப்பும் தோட்டவேலையும் ஒரு செயல்புள்ளியும் கேட்காமல் இந்த நிலையை உயர்த்துகின்றன. தூண்டில் இரை மட்டும் கையில் இருந்தால் போதும்.

ஆகவே முதல் சில மாதங்களில் உங்கள் குறி பிணைப்பு அல்ல, பேராசிரியர் நிலை. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் தொடக்கத்தில் இரண்டு மாணவர்களோடு நன்றாக நெருங்கிவிட்டு, ஆட்டத்தின் நடுப்பகுதியில் கையில் புள்ளி இல்லாமல் தவிப்பார்கள். இரையைச் சேர்த்து வையுங்கள். அதிக மீன் கிடைக்கும் என்ற அறிவிப்பு வரும் நாளில் மொத்தமாகச் செலவழியுங்கள். பிடித்த மீன் உணவுக்கூடத்தின் சமையலுக்கும் போகும் என்பதால் வேலை இரட்டிப்புப் பலன் தரும்.

புள்ளிகளை எங்கே செலவழிப்பது?

இங்கேதான் என் கருத்து மிகத் திட்டவட்டமானது: உணவுக்கூடம்.

ஒரு செயல்புள்ளி கொடுத்து இரண்டு பேரைச் சாப்பிட அழைக்கலாம். அப்போது பைலெத்துக்கும் முதல் ஆளுக்கும், பைலெத்துக்கும் இரண்டாவது ஆளுக்கும், அந்த இருவருக்கும் இடையே என்று மூன்று பிணைப்புகள் ஒரே நேரத்தில் வளர்கின்றன. இருவரின் ஊக்கமும் ஏறுகிறது. ஊக்கம் இருந்தால்தான் திங்கட்கிழமைப் பாடவேளையில் அவர்களுக்குத் தனிப்பயிற்சி தர முடியும். பேராசிரியர் நிலையும் கொஞ்சம் நகர்கிறது. ஒரு புள்ளிக்கு இவ்வளவு தரும் செயல் வேறில்லை.

ஆளைத் தேர்வதிலும் சூட்சுமம் உண்டு. ஒருவருக்குப் பிடித்த உணவு என்றால் ஊக்கம் கூடுதலாக ஏறும். இருவருக்கும் பிடித்தது என்றால் இரட்டை இலாபம். ஃபீலிக்ஸுக்கு இனிப்பு ஆகாது. லிசிதியாவுக்கு இனிப்புதான் உயிர். இந்த இருவரையும் ஒரே இனிப்புத் தட்டின் முன் உட்கார வைப்பது வீண். இவர்களின் சப்போர்ட் உரையாடலே அந்தச் சண்டையைச் சுற்றித்தான் நடக்கிறது என்பது வேறு விஷயம். யார் யாருக்கு எது பிடிக்கும் என்பதை உணவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். மனப்பாடம் தேவையில்லை.

தேவாலயத்தின் பாடல் பயிற்சியும் இதே வகையைச் சேர்ந்தது. பைலெத்தோடு இரண்டு பேர் சேர்ந்து பாடுவார்கள். பிணைப்போடு சேர்த்து நம்பிக்கை மந்திரத் திறனும் வளரும். மெர்சிடஸ் போன்ற மருத்துவர்களை வளர்ப்பவருக்கு இது அருமையான இடம். கோடரி மட்டுமே தூக்கப்போகும் ஆளைப் பாட அழைத்தால் அந்தத் திறன் வீணாகும், பிணைப்பு மட்டும் மிஞ்சும்.

சமைப்பது வேறு கணக்கு. ஒருவரோடு சமைத்தால் அந்த மாதம் முழுவதும் படைக்கு ஏதாவது ஒரு வலு கூடும். மாதத்துக்கு ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடலாம். போட்டிகளில் பரிசு கிடைக்கும், பிணைப்பு கிடைக்காது.

தேநீர் எப்போது?

தேநீர் விருந்து அழகானது. மேசைக்கு அந்தப் பக்கம் உங்கள் மாணவர், நடுவில் கோப்பைகள், மூன்று பேச்சுப்பொருள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றும் அவருக்குப் பிடித்தவையாக இருந்தால் விருந்து முழுமையடையும். பைலெத்தின் வசீகரமும் ஒரு புள்ளி ஏறும். ஆனால் இதில் வளர்வது ஒரே ஒரு பிணைப்பு, அதுவும் பைலெத்தோடு மட்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில், கையில் சில புள்ளிகளே இருக்கும்போது, இதை நான் ஆடம்பரம் என்பேன்.

பேராசிரியர் நிலை உயர்ந்து புள்ளிகள் தாராளமாகும்போது தேநீருக்குப் பொருள் வருகிறது. கடைசிவரை யாரோடு எஸ் படி வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டீர்களோ, மற்ற வீட்டிலிருந்து யாரை இழுக்க நினைக்கிறீர்களோ, அவர்களுக்கு மட்டும் தேநீரை ஒதுக்குங்கள். பிடித்த தேயிலையைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்: பிளாக் ஈகிள்ஸ் வீட்டின் தலைவி எடெல்கார்டுக்கு பெர்கமட், டிமித்ரிக்கு சீமைச்சாமந்தித் தேநீரான கெமோமில், கிளாடுக்கு ஆல்மிரா நாட்டு பைன் ஊசியிலைத் தேநீர். பேச்சுப்பொருள் எது என்று தெரியாதபோது அந்த ஆளின் இயல்பை நினைத்துப் பாருங்கள். அறையைவிட்டு வெளியே வரவே அஞ்சும் பெர்னடெட்டாவிடம் போர்வீரத்தின் பெருமையைப் பேசினால் எடுபடுமா?

பிறந்தநாள்களை நாள்காட்டி காட்டும். அன்று பூ அனுப்பலாம், தேநீருக்கு அழைக்கலாம். இவற்றைத் தவறவிட வேண்டாம்.

திங்கட்கிழமை: இருவர் வேலை

ஒவ்வொரு வாரப் பாடவேளையிலும் இரண்டு மாணவர்களைச் சேர்த்து ஒரு வேலைக்கு அனுப்பலாம். களை பிடுங்கினால் கனக்கவசத் திறன், குதிரைலாயத்தில் வேலை செய்தால் குதிரையேற்றம், வானக் காவலுக்குப் போனால் பறக்கும் திறன் வளரும். கூடவே அந்த இருவரின் பிணைப்பும் வளரும். இதற்கும் செயல்புள்ளி இல்லை. ஆனால் வாரத்துக்கு ஓர் இணைதான். பாடத்தைத் தானாக நடக்கவிட்டு வேகமாகக் கடந்துபோகிறவர்கள் இந்தத் தேர்வைக் கவனிப்பதே இல்லை. இங்க்ரிட்டை பெகசஸ் என்ற சிறகுக் குதிரையில் போரிடும் வீராங்கனை ஆக்கப்போகிறீர்களா? சில்வெய்னையும் சேர்த்து அனுப்புங்கள். சிறுவயதிலிருந்தே நண்பர்களான இவர்கள் இருவரும் குதிரைமேல் போரிடப்போகிறவர்கள் என்றால், வேலை வழியாகவே ஒரு பிணைப்பு கைக்கு வந்துவிடும்.

போர்க்களமே பெரிய வருமானம்

மடாலயத்தில் செலவிடும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க விரும்புகிறவர் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ஒருவர் எதிரியைத் தாக்கும்போது பக்கத்துக் கட்டத்தில் கூட்டாளி நின்றால் அது இணைத்தாக்குதல் ஆகும். பிணைப்புக்கு ஏற்பக் குறிதப்பாமையும் தப்பிக்கும் வாய்ப்பும் கூடும். போரிட்டதால் பிணைப்பும் வளரும். அதாவது பிணைப்பு வலுவைத் தருகிறது, அந்த வலுவோடு சேர்ந்து போரிட்டால் பிணைப்பு இன்னும் கூடுகிறது. வீரர்களை நாலா திசையிலும் சிதறவிடுபவர் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார். இருவர் இருவராக, அல்லது மூவராக, எப்போதும் ஒரே ஆட்களோடு நகர்த்துங்கள். டெடு முன்னால், அவர் பின்னால் மெர்சிடஸ், பக்கவாட்டில் ஆஷ் என்று ஓர் அணி. ஃபீலிக்ஸ், அன்னெட், சில்வெய்ன் இன்னோர் அணி.

காயத்தை ஆற்றுவதாலும் பிணைப்பு வளரும். மெர்சிடஸ் மற்றவரை ஆற்றும்போது அவரது காயமும் அதே அளவு ஆறும் என்ற தனித்திறன் உடையவர். எனவே அவரைத் தாராளமாக ஆற்றச் சொல்லலாம். லேசான காயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். சுற்றில் வேறு வேலை இல்லாத மருத்துவர் யாரையாவது ஆற்றிக்கொண்டே இருக்கட்டும். அனுபவமும் பிணைப்பும் சேர்ந்து வரும்.

மூன்றாவது வழி துணைவீரர். போருக்குப் போகாத ஒருவரை, போகிற ஒருவரோடு துணையாக இணைக்கும் வசதி அது. பேராசிரியர் நிலை உயர்ந்தால் மூன்று இடங்கள்வரை கிடைக்கும். துணைவீரர் களத்தில் தனிக் கட்டத்தில் நிற்கமாட்டார். தம் போர்வகுப்பைப் பொறுத்துக் கூடவே தாக்குவார், கவசமிட்டவர் என்றால் காப்பார், மந்திரக்காரர் என்றால் ஆற்றுவார். அனுபவத்திலும் ஒரு பங்கு அவருக்குப் போகும், அந்த இருவரின் பிணைப்பும் போர் முழுவதும் வளரும். பின்தங்கிப்போன மாணவரைக் கரைசேர்க்க இதைவிட எளிய வழி இல்லை. வேறு வீட்டிலிருந்து புதிதாக வந்து, யாரோடும் பழக்கமில்லாமல் நிற்பவரையும் இப்படியே கலக்கவிடலாம்.

சாதாரணக் கடினநிலையில் விளையாடுபவருக்கு இன்னொரு வசதி: செலவில்லாமல் திரும்பத் திரும்ப நடத்தக்கூடிய சிறு சண்டைகள் கிடைக்கும். ஒரு ஞாயிறை மடாலயம் சுற்றாமல் ‘பேட்டில்’ என்று தேர்ந்து, அணி அணியாக நின்று போரிட்டுவிட்டு வாருங்கள். ஹார்ட் நிலையில் இந்தச் சண்டைகளுக்கு அளவு உண்டு. மிகக் கடினமான மேடனிங் நிலையைப் புதியவர் தொடவே வேண்டாம்.

கிளாசிக் முறையில் இறந்தவர் திரும்பமாட்டார், அவரது பிணைப்புகளும் அத்தோடு போகும். உறவுகளுக்காகவே இந்த ஆட்டத்தை வாங்கியவர் கேஷுவல் முறையைத் தேர்வதில் எந்த அவமானமும் இல்லை. கிளாசிக்தான் வேண்டும் என்றால், காலத்தைப் பின்னோக்கி நகர்த்தும் டிவைன் பல்ஸ் வசதியை ஒரு முறைக்காவது மிச்சம் வைத்திருங்கள்.

மற்ற வீட்டாரை இழுப்பது

மற்ற வீட்டு மாணவரைச் சேர்க்க, அவர் எதிர்பார்க்கும் ஒரு பண்பும் ஒரு திறனும் பைலெத்திடம் இருக்க வேண்டும். ஃபீலிக்ஸ் வேகத்தையும் வாள்திறனையும் பார்ப்பார். பிணைப்பு உயர்ந்தால் இந்த எதிர்பார்ப்பு குறையும். பி படியை எட்டினால் அவரே வந்து ‘உங்கள் வகுப்பில் சேரட்டுமா’ என்று கேட்கவும் கூடும். பைலெத்தைப் பெண்ணாகத் தேர்ந்திருந்தால் சில்வெய்ன் எந்த நிபந்தனையும் இல்லாமல் வந்துவிடுவார். அவர் எப்படிப்பட்டவர் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுத் தலைவர்கள் மூவரையும், தலைவர்களின் நிழலாகவே இருக்கும் ஹூபர்ட், டெடு இருவரையும் வேறு வீட்டுக்கு இழுக்க முடியாது. அவர்களுக்காகப் பரிசுகளை வீணாக்காதீர்கள். மற்றவர்களைச் சேர்க்க முதல் பகுதி முடியும்வரைதான் நேரம். அதன்பின் கதை ஐந்து ஆண்டுகள் தாவும். நீங்கள் அழைக்காமல் விட்ட முகங்கள் சில எதிரிப் படையில் நிற்கும். யாரையாவது கொல்ல மனம் வராது என்று இப்போதே தோன்றினால், அவருக்கான தேநீரை இந்தப் பகுதியிலேயே ஊற்றிவிடுங்கள்.

மாதத்துக்கு ஒருவரைப் போருக்கு மட்டும் கடனாக அழைக்கும் வசதியும் இருக்கிறது. சேர்ப்பதற்கு முன்பே ஒருவரோடு களத்தில் பழகிப் பார்க்க அது உதவும்.

இரண்டாம் பகுதியும் முடிவும்

சில உரையாடல்கள் ஐந்து ஆண்டுத் தாவலுக்குப் பின்புதான் திறக்கும். ஓர் இணை எவ்வளவு சாப்பிட்டும், எவ்வளவு போரிட்டும் அசையவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுவே. அந்த இணையை விட்டுவிட்டு வேறொன்றைக் கவனியுங்கள்.

முதல் ஆட்டம் முடிந்து மறுபடி தொடங்கும்போது, சேர்த்து வைத்த புகழ்ப்புள்ளிகளைக் கொண்டு முன்பு எட்டிய பிணைப்புகளையும் பேராசிரியர் நிலையையும் விலைகொடுத்து மீட்கலாம். எல்லாரையும் சேர்க்கும் ஆசைக்கு அதுதான் இடம். மூட்டையை அப்போது அவிழ்த்துக்கொள்ளுங்கள்.

எஸ் படி ஒருவரோடு மட்டும்தான், அதுவும் கதையின் இறுதியில்தான். அதற்கு ஏ படியை முன்பே எட்டியிருக்க வேண்டும். நெருங்கிய மற்ற இணைகளுக்கும் முடிவில் இருவருக்கும் பொதுவான ஒரு பின்கதை வரும். பைலெத் யாரைத் தேர்வது என்ற குழப்பம் இருந்தால், கடைசிப் போருக்கு முந்தைய மாதத்தில் இருவரோடும் ஏ படியை முடித்துவிட்டு, போருக்குப் புறப்படும் முன் தனி இடத்தில் ஒரு சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முடிவைப் பார்க்க அந்தப் போரை மட்டும் மீண்டும் ஆடினால் போதும்.